நாற்பது வயது, இருபத்தைந்து பருவங்கள்: எங்கள் கழகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 இலங்கையின் வன்னியில் உள்ள எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நாற்பதாவது ஆண்டு. அந்த ஆண்டு முழுவதும் செயலாளர் என்ற பெயரில் நான் செய்த வேலை பெரும்பாலும் பதில் சொல்வதுதான். சந்தையில் கேட்டார்கள், கோயில் வீதியில் கேட்டார்கள், செத்த வீட்டில் பந்தலுக்குக் கீழே வைத்தும் ஒருவர் கேட்டார். கனடாவில் மாலை என்றால் இங்கே விடியற்காலை. அந்த நேரத்திலும் தொலைபேசி அடித்தது. ஒரே கேள்விக்கு ஒன்பது பேருக்கு ஒன்பது விதமாகப் பதில் சொன்னேன். பிறகு அந்த ஒன்பது பேரும் ஒருவரோடொருவர் பேசிவிட்டார்கள். ஆகவே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இனி யார் கேட்டாலும் இதைத்தான் காட்டுவேன்.

கழகம் உண்மையில் எந்த ஆண்டு தொடங்கியது? 1983 என்றும் சொல்கிறார்களே?

1984. இதற்குச் சான்றாக எங்களிடம் இருப்பது ஒரே ஒரு தாள்.

கழகத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகங்கள், பற்றுச்சீட்டுகள், கிண்ணங்கள், குழுப்படங்கள் எல்லாம் 2009க்கு முன்பே ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இடம்பெயரும்போது நெல் மூட்டையை ஏற்றுவதா, கிண்ணத்தை ஏற்றுவதா என்று உழவு இயந்திரப் பெட்டியருகே நின்று யோசித்த எவரும் கிண்ணத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. சிலர் கிணற்றடியில் புதைத்தார்கள். திரும்பி வந்தபோது கிணற்றடி எது என்பதே தெரியவில்லை.

ஆனால் எங்கள் ஊர் அம்மா ஒருவர் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டை ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, மார்போடு அணைத்தபடியே நடந்திருக்கிறார். அந்தப் பைக்குள் மூத்த மகனுடைய உதைபந்தாட்டச் சான்றிதழும் இருந்தது. “எழுத்தும் முத்திரையும் இருந்தது, முக்கியமான கடதாசி என்று நினைத்தேன்” என்றார். அதில் ‘மூன்றாவது ஆண்டு நிறைவுச் சுற்றுப்போட்டி, 1987’ என்று இருக்கிறது. மூன்றைக் கழித்தால் 1984. 1983 என்று சொல்பவர்கள் கழகத்துக்கு முன் அதே வெளியில் கிளித்தட்டு விளையாடிய கூட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அது வேறு கூட்டம். ஆட்கள் அவர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் நாற்பது பருவமும் விளையாடினீர்களா?

இல்லை. 1984 முதல் 2024 வரை இரு முனைகளையும் சேர்த்து எண்ணினால் 41 ஆண்டுகள். அவற்றில் முழுதாக விளையாடி முடித்தவை 25.

1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியது, அந்த ஆண்டு போனது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட சனம் பின்னர் வன்னிக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் மைதானம் முழுவதும் தறப்பாள் கொட்டில்கள். அடுத்த ஆண்டு கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. 1997 மே மாதத்தில் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தெற்கிலிருந்து ஏ-9 வீதி வழியே மேலே வரத் தொடங்கியது. வடக்கிலும் தெற்கிலும் போர்முனை, நடுவில் நாங்கள். 1996 முதல் 2001 வரை ஆறு பருவங்கள் இப்படியே கழிந்தன.

2002இல் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் நல்ல காலம் பிறந்தது. குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கத்து ஆட்டத்தைக் கண்ணால் கண்டது அப்போதுதான். கடற்கரைப் பிள்ளைகள் மணலில் ஓடிப் பழகிய கால். எங்கள் செம்மண்ணில் அவர்கள் பறந்தார்கள். நாங்கள் வாங்கிக் கட்டிய கோல்களை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில்தான் உதைபந்தாட்டம் என்றால் என்னவென்று கற்றுக்கொண்டோம்.

2006 ஓகஸ்டில் பாதை மூடியபோது பருவம் பாதியில் நின்றது. அதை எண்ணவில்லை. 2007 முதல் 2011 வரை என்ன நடந்தது என்பதை வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிறகு 2020, 2021 கொரோனா; 2022இல் எரிபொருள் வரிசை. பந்து இருந்தது, மைதானம் இருந்தது, அடுத்த ஊருக்குப் போகப் பெட்ரோல் இல்லை. கூட்டிப் பாருங்கள், பதினாறு வரும்.

செட்டிகுளம் முகாமில் விளையாடியதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

இந்தக் கேள்வியை வெவ்வேறு ஆட்களை அனுப்பிக் கேட்பவர் ஒருவரே. எங்கள் முதல் பந்துகாப்பாளர். எழுபதைக் கடந்தவர், இப்போதும் ஆட்டம் பார்க்கும்போது கோலுக்குப் பின்னால்தான் நிற்பார்.

2009இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செட்டிகுளத்து மனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்தார்கள். எங்கள் ஊரார் பலர் ஒரே வலயத்தில் இருந்தார்கள். கூடாரங்களின் இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு கான் ஓடியது. அதன் ஓரமாக நீளமாகக் கிடந்த இடத்தில் ஐந்து பேருக்கு ஐந்து பேராக ஆடினார்கள். பழந்துணியைச் சுருட்டி, அதன்மேல் பொலித்தீன் சுற்றி, கூடாரக் கயிற்றால் கட்டிய பந்து. தண்ணீர்க் கலன்கள் கோல் கம்பங்கள். தண்ணீர் பவுசர் வந்துவிட்டால் கம்பங்களைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு ஓடவேண்டும். விசில் இல்லை. பெரியவர் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதி மத்தியஸ்தம் செய்தார். வலயத்துக்குள் ஆறு அணிகள் சேர்ந்ததாகவும், எங்கள் பிள்ளைகள் இரண்டாவதாக வந்ததாகவும் சொல்கிறார்.

நிர்வாகக் குழுவில் அதைச் சேர்ப்பதற்கு நான் எதிராகத்தான் வாக்களித்தேன். பதிவு இல்லை, பதினொரு பேர் இல்லை, பந்து பந்தாக இல்லை என்று காரணம் சொன்னேன். “ஆடினோம், எண்ணினோம், சண்டை பிடித்தோம். பருவத்துக்கு வேறென்ன வேண்டும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் சேர்ப்பதில்லை என்ற தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆகவே கழகத்தின் கணக்கு 25. அவருடைய கணக்கு 26. ஆண்டு விழாப் பதாகையில் இரண்டையும் தவிர்த்து ‘40’ என்று மட்டும் போட்டோம்.

கழகத்தைத் தொடங்கியவர்கள் யார்?

முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில், ஏ-9 வீதியிலிருந்து கிழக்கே உள்ளே போகும் ஊர் எங்களுடையது. இங்கே மூன்று விதமான குடும்பங்கள் இருக்கின்றன. காட்டோரத்தில் தலைமுறையாக வயல் செய்த பழைய குடிகள். குடியேற்றக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து காணிக்காக வந்தவர்கள். 1977 வன்செயலின் பின் தோட்டங்களை விட்டு வந்த மலையகத்தவர்கள். 1984இல் இந்த மூன்று பகுதியினரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள் என்று சொன்னால் அது பொய்.

முதல் அணியில் மூன்று பகுதிப் பிள்ளைகளும் இருந்தார்கள். நல்லெண்ணம் காரணமல்ல, ஒரு பகுதியில் மட்டும் பதினொரு பேர் தேறவில்லை. ஒருமுறை வேறோர் ஊருக்கு ஆடப் போனபோது, இடைவேளையில் மலையகப் பிள்ளைகள் மூவருக்கும் மட்டும் சிரட்டையில் தேநீர் கொடுத்திருக்கிறார்கள். மற்ற எட்டுப் பேரும் தங்கள் குவளைகளைக் கீழே வைத்துவிட்டார்கள். தேநீர் குடிக்காமலே இரண்டாம் பாதி ஆடி, தோற்று, பத்து மைல் சைக்கிள் மிதித்துத் திரும்பினார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவர் என் தந்தை. வீட்டில் அவர் இதைச் சொன்னதே இல்லை. அந்த மூவரில் ஒருவர்தான் எனக்குச் சொன்னார்.

மைதானத்தின் மேற்குப் பக்கக் கோடு ஏன் வளைந்திருக்கிறது?

பாலை மரம். வெட்டமாட்டோம்.

உதைபந்தாட்ட விதிப்படி மைதானம் குறைந்தது 90 மீற்றர் நீளமும் 45 மீற்றர் அகலமும் இருக்கவேண்டும். பக்கக்கோடு நேராகவும் இருக்கவேண்டும். நீள அகலத்தில் நாங்கள் தேறிவிடுவோம். கோட்டில் தேறமாட்டோம். கிழக்குப் பக்கம் தள்ளிப் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் பெரும்பாலும் 2012க்குப் பின் வந்தவர்கள். மீள்குடியேறி வந்தபோது கிழக்கு மூலையில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நின்றது. கண்ணிவெடி அகற்றுபவர்கள் சாண் சாணாகத் தேடி அந்த மூலையை விடும்வரை, மேற்கே மரத்தை ஒட்டித்தான் கோடு போட்டு ஆடினோம். பலகை போன பின்பும் கால் அந்தப் பக்கம் போகவில்லை. மூலை உதை எடுக்கப் போன பிள்ளை அங்கே ஓடாமல் நடந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். இப்போதுள்ள சிறுவர்கள் அந்த மூலையில் புரண்டு விளையாடுகிறார்கள். கோட்டை மாற்றலாம்தான். பாலைப்பழக் காலத்தில் ஆட்டத்துக்கு வரும் பாதிப் பேர் மரத்துக்காகவே வருகிறார்கள் என்பதால் யாரும் அவசரப்படவில்லை.

பந்து கிளையில் பட்டால் என்ன செய்வது? எங்கள் ஊர் வழக்கப்படி மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தி, பந்தைக் கீழே விட்டு மீண்டும் தொடங்குவார். வெளியூர் அணிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

ஒக்டோபருக்குப் பின் ஏன் ஆட்டம் இல்லை?

மழை, பிறகு வயல். பருவமழை ஒக்டோபரிலிருந்து வன்னியை நனைக்கும். பெரும்போக விதைப்பும் அப்போதுதான். பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை முடிந்து, நெல் காய்ந்து, விற்றுக் காசு கையில் வந்த பின்தான் எங்கள் முன்கள வீரருக்குப் பந்தின் ஞாபகம் வரும். அறுவடை இயந்திரம் ஓட்டுபவர்கள் மூவர் எங்கள் அணியில் இருக்கிறார்கள். அந்த இரண்டு மாதமும் அவர்களை நாங்கள் வீரர்களாக எண்ணுவதில்லை.

2024 பருவம் ஏன் அவ்வளவு மோசமாகத் தொடங்கியது?

மாவட்ட லீக்கில் ‘ஏ’ பிரிவில் ஆடினோம். முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி. ஊரில் சொல்லப்படும் காரணங்கள் பல: பந்துகாப்பாளர் வெளிநாடு போனது, புதிய சப்பாத்து கடித்தது, யாரோ செய்வினை வைத்தது. முதலாவது உண்மை. அவர் கட்டார் போனது மார்ச்சில். விசா வந்துவிட்டது என்று பயிற்சி முடிந்து சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னார். கைகுலுக்கி அனுப்பிவைத்தோம். ஆண்டு விழாவுக்காக இருந்துவிட்டுப் போ என்று சொல்ல எவருக்கும் வாய் இல்லை.

இரண்டாவது காரணம் பரீட்சை. 2023ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2024 மே மாதத்தில் நடந்தது. எங்கள் இளைய வீரர்கள் நால்வர் அந்த மண்டபத்தில் இருந்தார்கள்.

மூன்றாவது காரணத்தை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அது நாங்கள்தான். ஜனவரி முதல் மே வரை நிர்வாகக் குழு பதினொரு தடவை கூடியது. பொன்னாடை யாருக்கு, பிரதம விருந்தினர் யார், மேடை கிழக்குப் பார்த்தா வடக்குப் பார்த்தா, மலரில் யாருடைய படம் முதல் பக்கம் என்றெல்லாம் பேசினோம். அணிக்குப் புதிய பந்துகாப்பாளர் யார் என்பது ஒன்பதாவது கூட்டத்தில்தான் வந்தது, அதுவும் ‘வேறு விடயங்கள்’ என்ற தலைப்பின் கீழ்.

ஏழு பேருடன் விளையாடியது உண்மையா?

உண்மை. மூன்றாவது ஆட்டம் அது. வாடகைக்குப் பிடித்த பஸ்ஸில் சிலரும் மோட்டார் சைக்கிள்களில் சிலருமாகப் புறப்பட்டோம். பரந்தன் சந்திக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிளில் வந்தவர்களை எண்ணினால் ஏழு பேர். மத்தியஸ்தரும் எண்ணினார். ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது விதி. ஏழு என்றால் தொடங்கலாம். அதாவது யாருக்காவது காயம் பட்டாலோ சிவப்பு அட்டை கிடைத்தாலோ அத்தோடு ஆட்டம் முடிந்தது.

பந்துகாப்பாளருக்கு முன்னால் நான்கு பேர், அவர்களுக்கு முன்னால் இருவர். எதிரணிக்கு முதலில் சிரிப்பு. பத்து நிமிடத்தில் நான்கு தடவை அடித்தார்கள். இரண்டு வெளியே போனது, ஒன்று கம்பத்தில் பட்டது, மற்றதைப் பதினேழு வயதுப் புதிய பந்துகாப்பாளர் முகத்தால் தடுத்தார். அதன் பிறகு அவர்களுக்கு அவசரம் வந்துவிட்டது. பதினொரு பேரும் எங்கள் கோலை நோக்கி வந்து ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டே ஆடினார்கள். “வலது, வலது, விடு, நான் எடுக்கிறேன்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருந்தது கோட்டுக்கு வெளியே எனக்குக் கேட்டது. அந்தப் பருவத்தில் எங்கள் அணி அப்படிப் பேசி ஆடியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. இடைவேளைக்கு விசில் ஊதும்போது கோல் இல்லை. பார்வையாளர் பக்கத்தில் கச்சான் விற்ற அம்மா அவர்களுடைய ஊர்க்காரர்தான். எங்கள் ஏழு பேருக்கும் ஆளுக்கொரு சரை கொடுத்தார், காசு வாங்கவில்லை.

இடைவேளையில் பஸ் வந்தது. பட்டியலில் பெயர் இருந்த மற்ற நால்வரும் இறங்கி ஓடி வந்தார்கள். பதினொரு பேராக இரண்டாம் பாதியைத் தொடங்கி, ஆறாவது நிமிடத்தில் கோல் வாங்கினோம். 0–1. அந்த நால்வர் மேல் குற்றம் இல்லை என்று எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

மூன்று புள்ளிகளைப் பறித்தது அநியாயம் இல்லையா?

அநியாயம் இல்லை. பிழை என்னுடையது.

நான்காவது ஆட்டத்தில் முதல் வெற்றி, 2–0. அந்த ஆட்டத்தில் இரண்டு கோலையும் அடித்தவர் எங்கள் ஊருக்கு வேலை காரணமாக வந்த இளைஞர். பருவத் தொடக்கத்தில் வேறொரு கழகத்தின் படிவத்திலும் கையெழுத்து வைத்திருந்தார். அவரிடம் கேட்டேன், “இல்லை அண்ணா” என்றார், அதோடு விட்டுவிட்டேன். லீக்கின் பதிவேட்டைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அதற்குத்தானே செயலாளர். எதிரணி முறைப்பாடு செய்தது, ஆட்டம் அவர்களுக்குப் போனது. இளைஞரைத் திட்டுபவர்கள் என்னைத் திட்டுங்கள். அவருக்கு வயது பத்தொன்பது, எங்கே கூப்பிட்டாலும் ஆடப் போகும் வயது.

ஆண்டு விழாச் சீருடையில் எழுத்துப் பிழை எப்படி வந்தது?

‘நாற்பதாவது’ என்பது ‘நாற்ப்பதாவது’ ஆகிவிட்டது. தொலைபேசியில் தட்டி அனுப்பியவர் எங்கள் பொருளாளர். ற் என்ற மெய்க்குப் பின் இன்னொரு மெய் ஏன் என்று கணக்குப் படித்தவரிடம் கேட்க முடியாது. அச்சடித்தவர் வந்ததை வந்தபடி அடித்துவிட்டார். இருபத்திரண்டு சீருடைகள். ஊரிலுள்ள ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் முதல் நாளே கண்டுபிடித்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து அந்த ‘ப்’பைப் பற்றி மட்டும் பேசினார். இப்போது எதிரணிகள் எங்களை ‘ப்’ அணி என்று கூப்பிடுகின்றன. பழகிவிட்டது.

சொந்தச் சுற்றுப்போட்டியிலேயே முதல் சுற்றில் தோற்றீர்களாமே?

ஆம். ஓகஸ்ட் விடுமுறையில், சோளகக் காற்று செம்மண்ணைக் கிளப்பும் நாட்களில் நடத்தினோம். மேடை கிழக்குப் பார்த்தது. முதல் ஆட்டத்தில் நாங்கள் ஆடவேண்டும் என்பது முறை, ஆடினோம், தண்டனை உதையில் தோற்றோம். அதன் பிறகு ஆறு நாட்கள் வந்த அணிகளுக்குச் சோறு போட்டு, கோடு போட்டு, ஒலிபெருக்கிக்கு மின்பிறப்பாக்கி தேடி, தோற்ற வீட்டில் பந்தி விசாரித்தோம். எங்கள் அணித்தலைவர் இறுதியாட்டம்வரை பானையோடுதான் நின்றார். அவர் சமைத்த கத்தரிக்காய்க் கறியை வென்ற அணி ஒலிபெருக்கியில் பாராட்டியது.

அந்தச் சுற்றுப்போட்டியில் எனக்குப் பிடித்தது மூத்தோர் ஆட்டம். மாவு போட்டது போல் தலை நரைத்த பதினெட்டுப் பேர் இறங்கினார்கள். சிலர் ஐரோப்பாவிலிருந்து இதற்காகவே வந்தவர்கள். ஒன்பது பேருக்கு ஒன்பது பேர், பாதிக்குப் பதினைந்து நிமிடம். செயற்கைக் காலோடு ஆடியவர் ஒருவர் இருந்தார். அவரிடமிருந்து பந்தைப் பறிக்க யாரும் போகாததைக் கண்டு கோபப்பட்டு, “வந்து எடுங்கோ” என்று கத்தினார். பிறகு போனார்கள், பறித்தார்கள், அவர் விழுந்தார், எழுந்து தள்ளிவிட்டவரைத் துரத்தினார்.

கடைசி ஆட்டத்தில் என்ன நடந்தது?

செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். பள்ளிக்கூடங்கள் வாக்களிப்பு நிலையங்கள் ஆனதால் லீக் ஆட்டங்கள் தள்ளிப்போயின. எங்கள் கடைசி ஆட்டம் ஒக்டோபர் நடுப்பகுதிக்கு வந்தது. அதாவது மழைக்கு வந்தது.

வென்றால் ‘ஏ’ பிரிவில் இருப்போம் என்ற நிலை. 1–1. முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் எங்கள் இடது பக்க வீரர் பந்துகாப்பாளரையும் கடந்து பந்தைத் தட்டிவிட்டார். கோலில் யாரும் இல்லை. பந்து உருண்டது. மைதானத்தில் இருந்த எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் தேங்கி நின்ற தண்ணீரில் பந்து நின்றது. மிதந்தது என்றே சொல்லலாம். பின்வாங்கி ஓடி வந்த தடுப்பாளர் வழுக்கி விழுந்தபடியே அதை வெளியே தள்ளினார். பந்து முழுவதும் கோட்டைக் கடந்தால்தான் கோல், பாதிகூடக் கடக்கவில்லை. மத்தியஸ்தரோடு சண்டை பிடிக்கக்கூட ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை.

ஆட்டம் சமநிலை. நாங்கள் ‘பி’ பிரிவுக்கு இறங்கினோம். அந்த மூன்று புள்ளிகள் இருந்திருந்தால் இறங்கியிருக்க மாட்டோம்.

நாற்பதாவது ஆண்டில் ‘பி’ பிரிவுக்கு இறங்கியது வெட்கமாக இல்லையா?

வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் அனுப்பிய பணம் எங்கே?

புலம்பெயர்ந்த அண்ணன்மாரின் கேள்வி. கணக்கு பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கிறது, படமெடுத்தும் அனுப்பியிருக்கிறோம். சுருக்கமாக: வேலி, குழாய்க் கிணறு, வலை, பந்துகள், முதலுதவிப் பெட்டி, விழாச் செலவு.

மின்விளக்குக் கம்பங்கள் போடவில்லை என்று மூவருக்குக் கோபம். இரவு ஆட்டத்தைக் காணொளியில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே இரவில் ஆடிவிட்டு வீடு போகும் பிள்ளைக்குக் காட்டு வீதியில் யானை நிற்கும். விளக்குப் போட்டால் மாதாமாதம் மின்கட்டணம் யார் கட்டுவது என்ற கேள்விக்கும் பதில் வரவில்லை. வேலி போட்ட பிறகு மாடு உள்ளே வருவதில்லை. சாணியில் வழுக்கி விழுவதும் இல்லை. பெயர் பொறித்த கல் வேண்டும் என்று கேட்டவரின் பெயரை வேலிக் கம்பத்தில் எழுதியிருக்கிறோம். வந்து பார்க்கலாம்.

பெண்கள் அணி ஏன் இல்லை?

பயிற்சி இருக்கிறது, அணி இன்னும் இல்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் தேசிய மட்டத்தில் வென்று காட்டிய பிறகு ‘பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டமா’ என்று கேட்கும் வாய்கள் எங்கள் ஊரிலும் குறைந்துவிட்டன. பன்னிரண்டு பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் வருகிறார்கள். மாலைப் பயிற்சிக்கு அனுப்பப் பெற்றோருக்கு மனமில்லை. மேலே சொன்ன அதே வீதி, அதே இருட்டு. காலை நேரத்தையே நிரந்தரமாக்கியிருக்கிறோம். பயிற்சி கொடுக்க ஒரு பெண் வேண்டும். பாடசாலைக் காலத்தில் ஆடியவர்கள் யாராவது பக்கத்து ஊர்களில் மணமுடித்து வந்திருந்தால் சொல்லுங்கள்.

கழகத்தில் சேர என்ன செய்யவேண்டும்?

மாலை நான்கு மணிக்கு மைதானத்துக்கு வரவேண்டும். வேறு எங்கும் கையெழுத்து வைத்திருந்தால் முதலில் அதைச் சொல்லவேண்டும்.

அடுத்த பருவம் எப்போது?

நவம்பர் இறுதியில் பெங்கல் புயலோடு வந்த மழை மைதானத்தை இரண்டு வாரம் குளமாக்கியது. வேலியின் வடக்குப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆகவே மாட்டைப் பற்றி மேலே எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்: இப்போது வருகிறது.

அறுவடை முடிந்ததும் சிரமதானம். கோடு போடச் சுண்ணாம்பு இருக்கிறது. கோல் வலை கிழிந்துவிட்டது; முல்லைத்தீவுக் கரையில் பழைய மீன்வலை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார், கண் சிறிய வலை வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவிட்டேன், காற்றுக்குக் கம்பத்தையே இழுத்துவிடும். மண்வெட்டி இருப்பவர்கள் மண்வெட்டியோடு வரவும். மதியச் சாப்பாடு அணித்தலைவர் பொறுப்பு. கத்தரிக்காய்தான்.